ஆனந்தரங்கர் நாட்குறிப்பும் அதனை மதிப்பிடும் முறையும்

காப்பியத்தையும் நாடகத்தையும் மதிப்பிடும் நெறியினை நாம் வகுப்பிலே ஒருவாறு பயில்கின்றோம். கதைப் போக்கு யாது, பாத்திரங்கள் எத்தகையர், நடை எவ்வாறு அமைந்தது என்று வினவப் பழகியிருக்கின்றோம். ஆயின், ஒருவர் நாடோறும் தாம் கண்டதையும் கேட்டதையும் தம் கைப்பட எழுதி வைத்த ஏடு ஒன்று நம் முன் கிடப்பின் அதனை எந்த அளவுகோல் கொண்டு அளப்பது? அதற்குக் கதைப்போக்கு இல்லை. இன்றைய பக்கத்தை எழுதியவர்க்கு நாளைய பக்கத்திலே நேரப்போவது யாதென்று தெரியாது. பாத்திரங்கள் சொல்லாமல் வந்து சொல்லாமல் மறைவர். நடையைச் செப்பஞ்செய்ய அவர் அமர்ந்ததுமில்லை. எனினும் அத்தகைய ஏடு சில, அரிய காப்பியங்களைப் போலவே நம்மைப் பிணிக்கின்றன. அது எதனால் என்பதை ஒரு நூலைக் கொண்டு ஆராய்வதே இவ்வியாசத்தின் நோக்கம். அந்நூல் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் தினசரி.

பிள்ளையவர்கள் 1709-ஆம் ஆண்டு சென்னையைச் சார்ந்த பெரம்பூரிற் பிறந்தவர். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை. தாய்மாமனைப் போன்றே குடும்பத்திற்கு நெருங்கிய உறவினரான நைனியப்பப் பிள்ளை பிரெஞ்சுக் கும்பெனியாரிடம் தலைமைத் துபாஷாக இருந்து, பின்னர்ப் பழிசுமத்தப்பட்டுச் சிறையிலே மாண்டவர். அக்குடும்பத்தார்க்குத் துரைமார் தயவு எத்துணை விரைவில் மாறும் என்பதைப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. துபாஷ் என்பார் இரு மொழி அறிந்து, ஆள்வோர்க்கும் ஊரார்க்கும், கும்பெனிக்கும் வணிகர்க்கும் இடைநின்று காரியம் முடிப்பவர். கனகராய முதலியார் 1746-இல் இறந்தபின் அப்பதவி ஆனந்தரங்கரை வந்தடைந்தது. துய்ப்ளேக்ஸ் என்னும் கவர்னர் 1742 முதல் 1754 வரை புதுவையை ஆண்ட காலமே பிள்ளையின் செல்வாக்கு ஓங்கிய காலம். அவர் 1756-இல் பதவியிழந்தார். 1761-ஆம் ஆண்டு ஜனவரியில், புதுவை ஆங்கிலேயர் கையில் வீழ்ந்த அதே மாதத்தில், காலமானார்.

தினசரி 1736-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள் தொடங்குகிறது. இடையிடையே சில பகுதிகள் கிடைக்காமற் போயினும், ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுச் செய்திகள் அதில் அடங்கியுள. குடும்பத்தாரின் வீட்டிற் கிடந்த அவ்வேடுகளை 1846-இல் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தவர் கல்வா மோம்பிரோன் என்னும் பிரெஞ்சுக்காரர். ழூலியேன் வேன்சோன் என்னும் தமிழறிந்த அறிஞர் 1894-இல் சில பகுதிகளைப் பிரெஞ்சிலே தந்தார். சென்னை அரசாங்கத்தார் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டனர். தமிழில் எழுதப்பட்ட நூல் தமிழிலே அச்சேறியதோ அவற்றுக்கெல்லாம் பின்னர். 1948-இலேதான் புதுவையில் அதன் முதற்றொகுதி வெளிவந்தது. இவ்வரிசையை எண்ணுந்தோறும் சிறிது நாணமே உண்டாகிறது.

இனி நூலின் அமைப்பைக் காண்போம். திறந்தவுடன் நம் கண்ணிற் படுவது தேதி. நள வருஷம் ஆவணி மாதம் என்று தமிழ்க் கணக்கும், அதனோடு ஐரோப்பியர் கணக்கும், கிழமையும் ஒருங்கே குறிக்கப்படும். அதன்கீழ் அன்றைய செய்தி. ஒரு நாள் மூன்று வரியில் முடியும்; மற்றொரு நாள் பக்கம் பக்கமாக நீளும். அத்தியாயப் பிரிவில்லை, தலைப்பில்லை, பொருளடைவும் இல்லை. இதனை உற்று நோக்குவார்க்கு ஓருண்மை புலனாகும்: இவ்வமைப்பு இலக்கியத்தினின்று வந்ததன்று, வணிகனது பேரேட்டினின்று வந்தது. வரவும் செலவும் நாள்வாரியாகப் பதியும் கை, கப்பலின் வரவையும் துரையின் சொல்லையும் அவ்வாறே பதிந்தது. காதாற் கேட்டதும் கண்ணாற் கண்டதும் கப்பல்களின் போக்குவரத்தும் புதுமைகளும் எழுதப்படும் என்று அவரே தொடக்கத்திற் கூறுவதும் கணக்கன் ஏட்டின் தலைப்பிலே எழுதும் குறிப்பைப் போன்றதே.

நடையோ, புலவர் முகஞ்சுளிக்கும் நடை. பேச்சு வழக்கு அப்படியே எழுத்தில் ஏறியிருக்கிறது. வாக்கியம் ஒன்று தொடங்கினால், ‘என்று சொன்னார், அதற்கு நான் இன்னது சொன்னேன், அதற்கு அவர்’ என்று முடிவின்றி ஓடும். பிரெஞ்சு, போர்த்துக்கேசியம், பாரசீகம், இந்துஸ்தானி ஆகிய மொழிச் சொற்கள் தமிழுடை அணிந்து தாராளமாய் உலவும். துரைமார் பெயர்க்கு முன்னெல்லாம் ‘முசே’ நிற்கும். மேலும் அக்காலக் கையெழுத்திலே நிறுத்தக்குறிகள் இல்லை. புள்ளியும் பெரும்பாலும் இடப்படுவதில்லை. ஆதலின் முதற் பத்துப் பக்கம் வாசிப்பவர்க்கு முள்வேலிக்குள் நுழைவது போலிருக்கும். இக்குறையை மறைப்பதிற் பயனில்லை. ஆயினும் 18-ஆம் நூற்றாண்டிலே ஒரு தமிழர் வாயாற் பேசிய தமிழ் எவ்வாறிருந்தது என்பதை நமக்குக் காட்டும் சான்றுகள் மிகச் சில. அவரைப் புகழ்ந்து தியாகராச தேசிகர் ‘ஆனந்தரங்கன் கோவை’ பாடினார். சீனிவாச கவி வடமொழியில் ‘ஆனந்தரங்க விஜய சம்பு’ இயற்றினார். அவ்விரண்டும் செம்மையான நூல்கள். அவற்றிலே காணப்படுபவர் பாட்டுடைத்தலைவர். தினசரியிலே காணப்படுபவர் வெற்றிலை போட்டுக்கொண்டே பாக்கு விலையை விசாரிக்கும் மனிதர்.

புதுவையில் அவர் பெயர் தாங்கிய வீதியில் அவர் வாழ்ந்த மாளிகை உளது. கீழ்த்தளத்தில் நம் நாட்டு மரத்தூண்கள். மேற்றளத்தில் பிரெஞ்சுப் பாணித் தூண்கள். நூலைக் கற்றபின் அவ்வீட்டைக் காண்பவர்க்கு நடையின் கலப்பு வியப்பாகத் தோன்றாது.

பொருளுக்கு வருவோம். ஆங்கில மொழிபெயர்ப்பாளர் இதற்கு அந்தரங்க நாட்குறிப்பு என்னும் பொருள்படப் பெயரிட்டனர். அதனாலும், பிள்ளையவர்களை இந்தியாவின் பெப்பிஸ் என்று பலர் அழைப்பதாலும், ஒரு தவறான எதிர்பார்ப்பு மாணவர்க்கு உண்டாகின்றது. இலண்டன் மாநகரில் கடற்படை அலுவலகத்தில் உயர்பதவி வகித்த சாமுவேல் பெப்பிஸ் 1660 முதல் 1669 வரை எழுதிய தினசரி சுருக்கெழுத்தில் அமைந்தது. 1825 வரை அச்சேறவில்லை. அவர் தம் பொறாமையையும் சபலத்தையும் மனைவியோடு இட்ட பூசலையும் ஒளிக்காமல் எழுதினார். 1666-இல் இலண்டன் தீப்பற்றி எரிந்தபோது தாம் பாலாடைக் கட்டியை மண்ணிற் புதைத்துக் காத்ததையும் அவர் விட்டாரில்லை. ஆனந்தரங்கரிடம் இத்தகைய நெஞ்சறைத் திறப்பைத் தேடுவோர் ஏமாறுவர். அவர் தம்மை வெளியே நின்று பார்த்ததில்லை. அவர் பார்வை முழுவதும் பிறர்மேலே: கவர்னர் இன்று என்ன மனநிலையில் இருந்தார், எவன் எவனைக் காண வந்தான், சோதிடர் யாது உரைத்தார், எந்தக் கப்பல் பாய் தெரிகிறது என்பனவே. ஆகவே அந்தரங்கம் என்னும் சொல் இங்கே எழுதியவரின் உள்ளத்தைக் குறிப்பதன்று. ஆட்சி மாளிகையின் உள்ளறையைக் குறிப்பது. இருவரையும் ஒருதட்டில் வைப்பது இருவர்க்கும் நியாயமாகாது என்பது எம் கருத்து.

சென்னைக் கோட்டையை 1746-இல் லபூர்தொனே கைப்பற்றிய செய்தியும், அதன்பின் அவர்க்கும் துய்ப்ளேக்ஸுக்கும் மூண்ட பகையும், சரித்திர நூல்களிலே ஒழுங்காகக் கிடைக்கும். தினசரியில் அவை வதந்தியாகவும், பாதி உண்மையாகவும், மறுநாள் திருத்தமாகவும் வந்து சேர்கின்றன. அக்காலத்து மாந்தர் சரித்திரத்தை அவ்வாறுதான் அறிந்தனர். இன்னும், சரித்திர நூலார் எழுதாதவையும் இங்கே உள. ஏழை மக்களை ஏய்த்துப் பிடித்து, ஒளித்து வைத்து, அடிமைகளாகக் கப்பலேற்ற முனைந்த கொடுமையொன்று 1743-ஆம் ஆண்டுக் குறிப்பிலே காணப்படுகிறது. அம்மக்களுக்காகக் கோவை பாடியவர் எவருமிலர். ஒரு வணிகர் தம் ஏட்டில் அன்றைய செய்தியோடு செய்தியாக எழுதி வைத்தமையாலேதான் அவர் துன்பம் நமக்குத் தெரிகிறது.

ஆயின், எழுதியதனைத்தையும் நம்பலாமோ? மதிப்பிடுவோன் இவ்விடத்திலேதான் விழிப்பாக இருத்தல் வேண்டும். கப்பல் வந்த நாளையும் துணியின் விலையையும் பொய்யாக எழுத அவர்க்கு யாதொரு காரணமுமில்லை. அவற்றைப் பெரிதும் நம்பலாம். கவர்னரோடு தாம் நிகழ்த்திய உரையாடல்களை எழுதும்போது நினைவும் விருப்பமும் கலந்துவிடுகின்றன. துரை தம்மைப் புகழ்ந்த மொழிகள் ஒன்றும் குறையாமல் பதிவாகியிருப்பதும், தாம் சொன்ன மறுமொழிகள் யாவும் தக்க மொழிகளாகவே இருப்பதும் சிறிது புன்முறுவலைத் தருகின்றன. பிறர் உள்ளத்திற் கருதியது இன்னதென்று அவர் கூறுமிடத்தில் நாம் இன்னும் ஒருபடி விலகி நிற்றல் நன்று. துய்ப்ளேக்ஸின் மனைவியார் புதுவையிலே பிறந்தவர், தமிழ் பேச வல்லவர், ஆட்சியில் கைந்நுழைத்தவர். துபாஷ் இன்றியே ஊராரோடு பேச வல்ல அவ்வம்மையாரைத் துபாஷ் விரும்பாமை வியப்பன்று. அவரைப்பற்றிப் பிள்ளையவர்கள் எழுதியவை ஒருபக்கத்து வழக்கு. மறுபக்கத்தார் தினசரி எழுதவில்லை.

இந்நூலின் தகுதியை ஓரிடத்திற் கொண்டு சோதிக்க வேண்டுமாயின், 1748-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்துப் பக்கங்களையே யாம் எடுப்போம். ஆங்கிலப் படைத்தலைவர் பொஸ்கவென் புதுவையை முற்றுகையிட்டிருந்த சமயம். அப்பொழுது ஊரின் பழைய சிவாலயமாகிய வேதபுரீசுவரர் கோவில் கவர்னரின் ஆணையால் இடிக்கப்பட்டது. ஊர்ப் பெரியோர் ஆனந்தரங்கரிடம் ஓடிவந்து முறையிட்டனர். காரைக்காலைச் சார்ந்த கேர்தூ பாதிரியார் சம்மட்டியோடு வந்து, லிங்கத்தைக் காலால் உதைத்து உடைத்தார் என்று தினசரி கூறுகிறது. இதனை நம்போன்ற கலாசாலையில் கற்போர் வாசியாது கடந்துவிடுதல் தகாது. இப்பாதிரியாரே பிற்காலத்தில், 1767-இல், வடமொழிக்கும் கிரேக்க, இலத்தீன் மொழிகளுக்கும் உள்ள உறவைப் பாரிஸ் நகரத்து அறிஞர் கழகத்திற்கு எழுதி அறிவித்தவர். வில்லியம் ஜோன்ஸ் 1786-இல் கல்கத்தாவில் அதனைக் கூறியதற்குப் பத்தொன்பது ஆண்டு முற்பட்டவர். மொழிநூல் கற்போர் ஒரு கேர்தூவை அறிவர். தினசரி கற்போர் மற்றொருவரை அறிவர். இருவரும் ஒருவரே.

ஆனந்தரங்கர் அன்று யாது செய்தார்? தடுக்க அவரால் இயலவில்லை. பதவியைத் துறந்து வெளியேறவுமில்லை. கிறிஸ்தவராகிய கனகராய முதலியார் தலைமைத் துபாஷாக இருந்த காலமெல்லாம் நின்ற கோவில், சைவ வைணவர் போற்றிய தம் காலத்திலே வீழ்ந்தது. அந்த வேதனை பக்கத்திலே தெரிகிறது. ஆயினும் மறுநாளும் தேதி எழுதப்படுகிறது. மறுநாளும் அவர் கவர்னரைக் காணச் செல்கிறார். அதனைக் கோழைமை என்பார் உளர். வேறு வழியில்லை என்பாரும் உளர். யாம் இப்பக்கங்களைப் பன்முறை கற்றும் ஒருதலையாகத் துணிய இயலவில்லை. நேர்ந்ததைத் தமக்கு அனுகூலமாக அழகுபடுத்தாமல், தாம் செயலற்று நின்ற நாளையும் செயலாற்றிய நாளைப் போலவே அவர் எழுதிவிட்டார். பின்னாளில் அமர்ந்து சுயசரிதம் எழுதியிருப்பாரேல் அந்த நாள் இவ்வாறு அமைந்திராது.

இந்நூலின் கவர்ச்சி யாதெனின், எம் உள்ளத்திற்குப் படுவது இதுவே: எழுதியவர்க்குத் தெரியாத முடிவு நமக்குத் தெரியும். துய்ப்ளேக்ஸின் வெற்றிகளைக் கண்டு அவர் மகிழும்போது, 1754-இல் அக்கவர்னர் திரும்ப அழைக்கப்படுவார் என்பதை நாம் அறிவோம். பிரெஞ்சியர் கொடி நிலைக்கும் என்று கணித்த சோதிடரை அவர் நம்பும்போது நாம் மெல்ல வருந்துகின்றோம். இச்சுவையை உணர்ந்தே பிரபஞ்சன் இத்தினசரியை ஆதாரமாகக் கொண்டு ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்னும் நாவல்களை இயற்றினார். பின்னது 1995-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. நாவலைக் கற்றுவிட்டோம், மூலம் வேண்டா என்று எண்ணுவோர் உளராயின் அவர்க்கு ஒன்று கூறுவோம். நாவலாசிரியர் சுவையற்ற நாட்களைத் தள்ளிவிடுவார். தினசரியிலே அந்நாட்களும் உண்டு. கப்பல் வாராத நாட்கள், காய்ச்சலாய்க் கிடந்த நாட்கள், ஒன்றும் நிகழாத நாட்கள். அவற்றைப் பொறுமையோடு கடந்து வந்தவர்க்கே, திடீரென வரும் பீரங்கி ஓசை ஊரார் காதில் எவ்வாறு விழுந்திருக்கும் என்பது விளங்கும்.

புதிதாய்க் கற்கப் புகுவோர் 1736-இலிருந்து தொடங்க வேண்டியதில்லை. 1746-ஆம் ஆண்டுப் பகுதியை முதலிற் கையில் எடுக்கலாம். சென்னை வீழ்ந்த செய்தி ஆர்வத்தைத் தூண்டும், அதற்குள் நடையும் பழகிவிடும். பின்னர் 1748-இன் முற்றுகை. அதன்பின் முதலுக்குத் திரும்பி வரலாம். தமிழ் மூலத்தையும் ஆங்கிலத் தொகுதியையும் அருகருகே வைத்துக்கொண்டு வாசித்தால், பிள்ளையவர்களின் பேச்சுத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கையில் எத்துணை மரியாதைப்பட்டுப் போயிற்று என்பதையும் காணலாம்.