பிளாஸ்டிக் கிட்டாரும் உங்கள் சவுண்ட் கார்டும்

கம்ப்யூட்டரில் பாட்டு கேட்கிறோம். எலக்ட்ரிக் கிட்டாரை வாசித்து அதில் பதிவு செய்யவும் முடியும். அதற்கு முன், அந்தக் கிட்டாரிலிருந்து கேபிள் வழியாக வருவது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். இதை விளக்க, இன்று இல்லாத வால்கோ என்ற அமெரிக்கக் கம்பெனி நல்ல உதாரணம்.

சிகாகோவில் இயங்கிய வால்கோ, நேஷனல், சுப்ரோ என்ற பெயர்களில் கிட்டார் விற்றது. மான்ட்கோமரி வார்டு கடைகளுக்கு ஏர்லைன் என்ற பெயரிலும் செய்து கொடுத்தது. 1962-ல் ஃபைபர் கிளாஸ் உடல் கொண்ட மாடல்களை அது வெளியிட்டது. ரெஸ்-ஓ-கிளாஸ் என்று அதற்குப் பெயர். படகு செய்யப் பயன்படும் அதே கண்ணாடி இழையும் பாலியஸ்டர் பிசினும்தான். முன்பாதி, பின்பாதி என இரண்டு ஓடுகளை அச்சில் வார்த்து, உள்ளே ஒரு மரக்கட்டை வைத்து, இணைப்பு தெரியாமல் விளிம்பில் வினைல் பட்டை ஓட்டினார்கள். சில மாடல்கள் அமெரிக்க வரைபடம் போலவே இருக்கும்! மரத்தில் இப்படி இழைப்பதைவிட அச்சில் வார்ப்பது சுலபம்.

மரப்பெட்டி இல்லாமல் ஓசை எப்படி வரும் என்று நீங்கள் கேட்கலாம். சாதாரண கிட்டாரில் பெட்டிதான் ஓசையைப் பெருக்குகிறது. எலக்ட்ரிக் கிட்டாரில் கம்பிகளுக்கு அடியில் பிக்கப் இருக்கிறது. காந்தமும், அதைச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பிச் சுருளுமே பிக்கப். எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் சிறிய மின்னோட்டம் பிறக்கும். நைலான் கம்பி மாட்டினால் ஒன்றும் கேட்காது. உடலின் மரம் ஓசையை மாற்றுமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. பிக்கப்பின் பங்கே பெரிது என்பது என் கட்சி.

வால்கோ 1967-ல் கே என்ற கிட்டார் கம்பெனியை வாங்கியது. 1968-ல் இரண்டும் சேர்ந்தே மூடப்பட்டன. 2000-களில் ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் குழுவின் ஜாக் ஒயிட் சிவப்பு ஏர்லைன் ஒன்றை மேடைகளில் வாசிக்க, பழைய பிளாஸ்டிக் கிட்டார்களைப் பலர் தேட ஆரம்பித்தார்கள்.

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம். கிட்டாரின் ஐந்தாவது கம்பியை மீட்டினால் அது நொடிக்கு 110 முறை அதிரும். பிக்கப் தரும் மின்னோட்டமும் அப்படியே ஏறி இறங்கும். சவுண்ட் கார்டு அதை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக மாற்றுகிறது. அதாவது ஓர் அதிர்வுக்கு ஏறக்குறைய 400 அளவுகள். 16 பிட், மோனோவில் ஒரு நிமிடப் பதிவு சுமார் 5 எம்பி இடம் பிடிக்கும்.

கிட்டாரை நேராக லைன் இன் ஜாக்கில் செருகினால் ஓசை மெலிந்து மங்கலாகக் கேட்கும். பிக்கப்பின் மின்னோட்டம் அவ்வளவு பலவீனமானது. கிட்டாருக்கென்றே தனி இன்புட் உள்ள யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கிக்கொள்ளுங்கள். ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் அவுட்டை மட்டும் கம்ப்யூட்டரில் இணைத்துவிடாதீர்கள், சவுண்ட் கார்டு கெட்டுவிடலாம். இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி சாஃப்ட்வேரைத் திறந்து, சிவப்பு வட்டமுள்ள ரெக்கார்டு பட்டனை அழுத்தி வாசியுங்கள். திரையில் அலைகளின் உச்சி தட்டையாக வெட்டுப்பட்டுத் தெரிந்தால், இன்புட் அளவைக் குறைத்து மறுபடி பதிவு செய்யுங்கள்.