கூதிர் காலமும் கடை நேரமும்

ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரு மாதங்களையும் நம் முன்னோர் கூதிர் காலம் என்றார்கள். அடுத்து வரும் மார்கழியும் தையும் முன்பனி. கூதிரில் பாதி நமக்குத் தீபாவளிச் சரக்கோடு போய்விடுகிறது. மீதிப் பாதியை "மழை, வியாபாரம் மந்தம்" என்று சலித்துக்கொண்டே கழித்துவிடுகிறோம். மார்கழியின் விடியற்காலை வியாபாரமும் பொங்கல் கொள்முதலும் தொடங்குவதற்கு முன் நமக்குக் கிடைக்கும் ஓய்வான நாட்கள் இவைதான். அவற்றைச் சரியாகப் பயன்படுத்துவது பற்றிச் சிறிது சிந்திப்போம்.

முதலில் பொழுதைக் கவனிக்க வேண்டும். மார்கழியில்தான் சீக்கிரம் பொழுது சாய்கிறது என்று பலரும் எண்ணுகிறோம். அப்படியல்ல. சென்னையில் ஆண்டிலேயே மிக முன்னதாகச் சூரியன் மறைவது கார்த்திகையின் முற்பாதியில். மாலை 5.40 வாக்கில் மறைந்துவிடும். மழையும் சேர்ந்துகொண்டால் வாடிக்கையாளர்கள் வேளையோடு வாங்கிக்கொண்டு வீடு திரும்பிவிடுகிறார்கள். ஆனால் நாமோ சித்திரையில் அடைத்த அதே நேரத்துக்குத்தான் கார்த்திகையிலும் கடையை அடைக்கிறோம்.

ஒரு வாரத்துக்கு இரவு 8 மணி முதல் அரை மணிக்கு ஒரு முறை கல்லாவில் சேர்ந்த தொகையை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். கடைசி ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் லாபம் மின்சாரச் செலவுக்கும் ஆள் கூலிக்கும் கட்டாது என்று தெரிந்தால், அந்த ஒரு மணியை வீட்டுக்குக் கொடுத்துவிடலாம். பிள்ளைகள் விழித்திருக்கும்போதே வீட்டுக்குப் போவது நம்மில் எத்தனை பேருக்கு வாய்க்கிறது? பேருந்து நிலையம், மருத்துவமனை பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்கு இக்கணக்கு பொருந்தாது.

மார்கழி பிறந்ததும் நிலைமை மாறும். கோயில்கள் விடியுமுன் திறக்கும். வாசலில் கோலம் போட எழுபவர்களுக்குக் கோலமாவும் காப்பித் தூளும் வேண்டும். அப்போது காலையில் முன்னதாகத் திறப்பது நல்லது. ஆனால் விடியற்காலை ஐந்துக்குத் திறந்து இரவு பத்துக்கு அடைப்பதென்றால் உடம்பு தாங்காது. ஒரு முனையில் நீட்டினால் மறுமுனையில் குறைத்தே ஆக வேண்டும். இந்தப் பழக்கத்தைக் கார்த்திகையிலேயே தொடங்கினால் வாடிக்கையாளரும் பழகிக்கொள்வார்கள்.

பகலில் கிடைக்கும் ஓய்வு நேரத்தில் செய்ய வேண்டிய முக்கியமான வேலை ஒன்று உண்டு. கடந்த மார்ச் 31-இல் முடிந்த நிதியாண்டின் கொள்முதலுக்கு நாம் கட்டிய ஜி.எஸ்.டி.யைக் கழித்துக்கொள்ள, சட்டப்படி நவம்பர் 30 வரைதான் அவகாசம். அதற்கு முன்பே ஆண்டுப் படிவம் தாக்கல் செய்தால் அந்த நாளே கடைசி. விட்டுப்போன வரியைப் பிறகு பெற முடியாது. எண்ணெய், சோப்பு, பற்பசை என்று வாங்கிய பில்களை 2பி பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டியலில் நம் பில் இல்லையென்றால் சரக்கு கொடுத்தவரை உடனே கேளுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால், கணக்கர் வெளியூர் போயிருக்கிறார் என்றுதான் பதில் வரும். இணக்க வரி கட்டுவோருக்கு இந்தக் கழிவு கிடையாது என்பதால் அவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

தீபாவளிக் கடன் பாக்கியையும் இம்மாதமே கேட்டு வாங்குவது நல்லது. தை பிறந்தால் பொங்கல் செலவு வந்துவிடும்.

அடுத்தது சரக்கு. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் பெய்கிறது. வெல்லம் கசியும், உப்பு நீர்க்கும், ரவையில் வண்டு விழும், அப்பளம் நமுத்துப்போகும். இவற்றை மொத்தமாக வாங்கி அடுக்காமல் வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குவதே லாபம். மூட்டைகளைச் சுவரில் ஒட்டாமல் பலகை மேல் அடுக்க வேண்டும் என்பது நாம் அறிந்ததே. ஆனால் 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் பலகை எதற்கு உதவும்? கணக்குப் புத்தகங்களையும் உரிமச் சான்றுகளையும் மேல் தளத்துக்கு மாற்றுவதும், காப்பீட்டுப் பத்திரத்தில் வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பார்ப்பதும் ஒரு பிற்பகல் வேலைதான்.

மாலை போட்ட ஐயப்ப பக்தர்களுக்கான நெய், அவல், கற்பூரம் இருப்பில் இருக்கட்டும். கல்யாணச் சரக்குக்கான ஆர்டர் கார்த்திகையோடு நின்று, தையில்தான் மீண்டும் வரும்.

திருக்கார்த்திகையன்று அகல், திரி, நல்லெண்ணெய், பொரி எல்லாம் பகலிலேயே விற்றுவிடும். ஆறு மணிக்கு ஊரே விளக்கேற்றிக்கொண்டிருக்கும். கடையில் ஈயோட்டத்தான் ஆள் இருக்கும். அந்த நேரத்தில் கடை ஆளையும் அனுப்பிவிட்டு நாமும் வீட்டுக்குப் போய், நம் வாசலில் ஏற்றிய விளக்கைப் பார்த்து, சூடாக ஒரு பொரியுருண்டை சாப்பிட்டு வரலாம். ஏழரைக்குத் திறந்தால் போதும். எண்ணெய் பற்றாமல் போனவர்கள் அப்போதுதான் வருவார்கள்.