இசை இன்பம் பிறக்கும் இடம்

பசித்தவனுக்கு உணவும், தாகம் கொண்டவனுக்கு நீரும் இன்பம் தருகின்றன. உடல் உயிர்வாழ இவை தேவை. எனவே காரணம் வெளிப்படை. ஆனால் இசை வயிற்றை நிரப்புவதில்லை. கையில் எதையும் தந்து செல்வதுமில்லை. காற்றில் எழுந்து காற்றிலேயே மறையும் ஒலி, கேட்பவரின் மெய் சிலிர்க்கவும் கண் பனிக்கவும் செய்வது எவ்வாறு?

மூளையில் நிகழ்வது

கனடாவின் மாண்ட்ரியல் நகரிலுள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில், 1954-இல் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் ஆகிய இருவரும் எலிகளின் மூளையை ஆராய்ந்தனர். ஒரு நெம்புகோலை அழுத்தினால் மூளையின் குறிப்பிட்ட பகுதியில் மின்தூண்டல் கிடைக்குமாறு அமைத்தனர். எலிகள் அதை மீண்டும் மீண்டும் அழுத்தின. இன்ப நாட்டத்திற்கென மூளையில் தனி நரம்புப் பாதைகள் உண்டு என்பது இதனால் தெரியவந்தது. அப்பாதைகளில் டோபமைன் என்னும் வேதிப்பொருள் முக்கியப் பங்கு வகிப்பது பின்னர் உணரப்பட்டது.

அதே நகரில் 2001-இல் ஆன் பிளட், ராபர்ட் ஜட்டோரே ஆகியோர் இசையைக் கொண்டு ஆராய்ந்தனர். இசைப்பயிற்சி பெற்ற பத்துப் பேர், தமக்கு மெய்சிலிர்ப்பைத் தரும் இசையைத் தாமே தேர்ந்தெடுத்தனர். சிலிர்ப்பு மிகுந்தபோது, உணவு போன்றவற்றால் தூண்டப்படும் அதே பகுதிகளில் இரத்த ஓட்டம் மாறியது. ஒருவர் தேர்ந்த இசை மற்றொருவருக்கும் ஒலிக்கப்பட்டது. ஆனால் அது அவரைச் சிலிர்க்க வைக்கவில்லை.

எதிர்பார்ப்பின் இன்பம்

2011-இல் வலோரி சலிம்பூர் குழுவினர் மேலும் ஓர் உண்மையைக் கண்டனர். இன்பம் உச்சம் அடையும் கணத்தில் மட்டுமன்றி, அதை எதிர்நோக்கும் வேளையிலும் டோபமைன் சுரக்கிறது. இவ்விரு சுரப்புகளும் மூளையின் வெவ்வேறு பகுதிகளில் நிகழ்கின்றன. மனம் இசையின் பின்னே செல்வதில்லை. அதற்கு முன்னே ஓடிக் காத்திருக்கிறது.

இந்துஸ்தானி இசை அரங்குகளில் இதை நேரில் காணலாம். பதினாறு மாத்திரை கொண்ட தீன்தாளில் பாடகரும் தபலா கலைஞரும் தத்தம் வழியே சென்று, முதல் மாத்திரையாகிய சமத்தில் ஒன்று சேர்கின்றனர். அக்கணத்தில் அவையோரின் தலைகள் தாமாகவே அசைகின்றன. தாளத்தை அறியாதவர் அதற்காகக் காத்திருக்க இயலாது. ஆகவே அந்த நிறைவின் முழுமையும் அவருக்குக் கிட்டாது. கேட்டுப் பழகிய செவிக்கே இன்பம் பெருகுகிறது.

வெறும் வேதிப்பொருளா?

டோபமைனை மிகுவிக்கும் மருந்து இசையின்பத்தைக் கூட்டுகிறது, அதன் செயலைத் தடுக்கும் மருந்து குறைக்கிறது என 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது. அவ்வாறாயின் இசை வேதிப்பொருளின் விளையாட்டு மட்டும்தானா? அன்று. டோபமைன் எல்லா மனிதருக்கும் பொது. ஆயினும் ஒருவரை உருக்கும் இசை அடுத்தவரைத் தொடுவதில்லை. வாழ்நாள் முழுவதும் கேட்டவையும், நினைவில் தங்கியவையும், செலுத்திய கவனமுமே எதற்காக மனம் காத்திருக்கும் என்பதை வகுக்கின்றன.

பிற இன்பங்களை இயல்பாகத் துய்த்தும், சுரங்களைச் சரியாக உணர்ந்தும், இசையில் மட்டும் இன்பம் காணாத சிலர் உண்டு என்பதை 2014-இல் பார்சிலோனா ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். எனவே பஜனையில் அசையாமல் அமர்ந்திருப்பவரை ஈரமற்ற நெஞ்சினர் என்று எண்ணுதல் தவறு. அவரது உள்ளம் வேறு வழியில் நெகிழக்கூடும்.

பொருளின் மீதுள்ள நாட்டம், பெற்றதும் கையில் வைத்துக்கொள்ளத் தூண்டுகிறது. இசையில் எதிர்பார்த்த சுரம் வந்த கணமே மறைகிறது; அதை யாரும் சேர்த்துவைக்க முடியாது. கவனத்துடன் காத்திருப்பவருக்கே அது கிடைக்கிறது. வேறு வேலைகளுக்கிடையே ஓயாது ஒலிக்கவிடும் பாடல்களைக் குறைத்து, நாளில் ஒரு பாடலையேனும் முழுமையாக அமர்ந்து கேட்பது நன்று.