வரைபடத்தில் முளைத்த தோட்டம்

"சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்" என்பது பழமொழி. தோட்டத்திற்கு மண்ணும் நீரும் சுவர் போன்றவை. சென்ற கல்வியாண்டில் நம் பள்ளியில் புதிய தோட்டம் அமைத்தபோது நான் கற்ற பாடம் இது. அதனைத் தோழியருக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விடுதிக்குப் பின்புறமிருந்த பழைய கொட்டகையை இடித்த பின் அவ்விடம் வெறுமையாகக் கிடந்தது. தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்கள் தோட்ட வடிவமைப்பாளர் ஒருவரை அழைத்து, அவருக்கு உதவியாக மாணவியர் ஐவரை நியமித்தார்கள். அவர்களில் நானும் ஒருத்தி. என்னென்ன பூச்செடிகள் வேண்டும் என்று அந்த அம்மையார் கேட்பார் என எதிர்பார்த்தோம். அவரோ, "இங்கே யார் உட்காரப் போகிறார்கள்? மழைநீர் எங்கே தேங்கும்? மே மாதத்தில் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கும்?" என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை.

ஆகவே முதலில் இடத்தை ஆராய்ந்தோம். ஓரடி ஆழக் குழி தோண்டி, இருமுறை நீர் நிரப்பி, இரண்டாம் முறை அது வடிய எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தோம். கண்ணாடிப் புட்டியில் மண்ணையும் நீரையும் இட்டுக் குலுக்கி வைத்தோம். மணல் முதலில் அடியில் படிந்தது. அதன்மேல் வண்டல் படிந்தது. களிமண் படிய மறுநாள் வரை ஆயிற்று. கட்டடத்தின் வடபுறம் எப்போதும் நிழலாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். மே, ஜூன், ஜூலை மாதங்களில் தமிழ்நாட்டில் நண்பகற் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்பதால் அங்கும் வெயில் விழும் என்று அவர் விளக்கினார்.

பின்னர் எங்கள் விருப்பத்தைக் கேட்டார். டில்லியில் குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டத்தின் படத்தைக் காட்டி, "இதுபோல் புல்தரையும் நீரூற்றும் வேண்டும்" என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அத்தோட்டத்தின் வரலாற்றைச் சொன்னார். வைசிராயின் மனைவி ஹார்டிஞ்சு சீமாட்டி முகலாயத் தோட்டங்களை விரும்பியவர். 1914இல் அவர் இறந்தார். கட்டடக்கலைஞர் எட்வின் லட்யன்ஸ் 1917இல் வரைபடத்தை முடித்தார். செடிகள் நடப்பட்டதோ 1928-29இல்தான். அப்பணியில் அவருக்குத் துணை நின்றவர் தோட்டக்கலை இயக்குநர் வில்லியம் மஸ்டோ. 2023 முதல் அதன் பெயர் அமிர்த உத்யான். விரும்பியவர் ஒருவர், வரைந்தவர் ஒருவர், வளர்த்தவர் இன்னொருவர்; மூவரும் சேர்ந்தால்தான் ஒரு தோட்டம் உருவாகும்.

இதைக் கூறிவிட்டு ஒரு கணக்குப் போடச் சொன்னார். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரம் நீர் நின்றால் அது ஒரு லிட்டர். நான் கேட்ட புல்தரை 100 சதுர மீட்டர். கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் வேண்டுமென்றால் 500 லிட்டர். குடத்திற்கு 15 லிட்டர் வீதம் 33 குடங்களுக்கு மேல்! எங்கள் தெருவில் தண்ணீர் லாரி வரும் நாளில் அம்மா வரிசையில் நின்று எட்டுக் குடம் பிடிப்பார்கள். அதை வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஓட்டுவோம். எனக்கு வெட்கமாக இருந்தது. பட்டியலில் இருந்த புல்தரையை நானே அடித்தேன்.

ஒரு மீட்டரை ஒரு சென்டிமீட்டராகச் சுருக்கி அவர் வரைபடம் தயாரித்தார். அதைப் பார்த்த நம் தோட்டக்காரத் தாத்தா, "இந்த நடைபாதை மேலேதான் மழைத்தண்ணி ஓடும், அம்மா" என்றார். உடனே அவர் கோட்டை அழித்து வேறிடத்தில் வரைந்தார். தாளில் அழிப்பதற்கு ஒரு ரப்பர் போதும். கல் பதித்த பின் அழிப்பதற்குப் பணம் வேண்டும். அரளியின் எல்லாப் பாகங்களும் நஞ்சு என்பதால், சிறு குழந்தைகள் விளையாடும் இடத்தில் அது வேண்டாமென்றார். செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ ஆகியவற்றைத் தேர்ந்தோம். லூர்து அன்னை கெபி மறையாதிருக்க வேண்டுமென அருட்சகோதரியர் கேட்டதால் அப்பக்கம் உயரமான செடிகளைத் தவிர்த்தோம்.

முதலில் வடிகால், அடுத்து பாதை, இறுதியில் செடிகள் என்பதே வேலையின் வரிசை. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியில் நட்டோம். நடுவில் ஒரு மகிழங்கன்று வைத்தோம். அது மெல்ல வளரும் மரம். நாங்கள் இவ்வாண்டோடு பத்தாம் வகுப்பை முடிக்கிறோம். அதன் நிழலில் அமரப்போகிறவர்கள் இன்று மழலையர் வகுப்பில் படிக்கும் தங்கைகள். தங்கைகளே, பூ உதிரும் காலத்தில் எங்களையும் சற்று நினையுங்கள். அதுவரை, கோடை விடுமுறையிலும் அதற்கு ஒரு குடம் நீர் ஊற்ற மறவாதீர்கள்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி