மழைக்காலத்தில் கடின கான்டாக்ட் லென்ஸ் பராமரிப்பு

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் கிணறு, சம்ப், மாடித் தொட்டி எல்லாவற்றிலும் தண்ணீர் கலங்கும். ஆர்ஜிபி எனப்படும் கடின கான்டாக்ட் லென்ஸ் அணிவோர் இந்தப் பருவத்தில் முதலில் விட வேண்டியது, லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் அலசும் பழக்கத்தை. சாஃப்ட் லென்ஸைப் போல இது தண்ணீரை உறிஞ்சாது என்பதால் ஒரு காலத்தில் அப்படி அலசுவது அனுமதிக்கப்பட்டது. உறிஞ்சாவிட்டாலும் அகந்தமீபா என்ற ஒற்றைச் செல் உயிரி லென்ஸின் மேல் ஒட்டிக்கொள்ளும். கூடு கட்டிக்கொண்ட நிலையில் அது குளோரினுக்கும் மசியாது. கருவிழியில் புகுந்துவிட்டால் மாதக்கணக்கில் சொட்டு மருந்து விட நேரும். சிலருக்குக் கருவிழி மாற்று அறுவை வரை போகும். கேன் தண்ணீர், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், வீட்டில் கரைத்த உப்புநீர் எதுவும் மாற்று ஆகாது. எச்சில் தொட்டுப் போடுவதும் கூடாது.

லென்ஸைக் கழற்றியதும் சுத்தம் செய்துவிட வேண்டும். காய்ந்த படிவு எளிதில் போகாது. வாசனையில்லாத சோப்பால் கையைக் கழுவி, நூல் உதிராத துணியில் ஈரம் போகத் துடைத்துக்கொள்ள வேண்டும். லென்ஸை உள்ளங்கையில் குழிவுப் பக்கம் மேலாக வைத்து, கிளீனர் சில சொட்டு விட்டு, சுண்டுவிரல் நுனியால் சுமார் 20 நொடி மெல்லத் தேய்க்க வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் லென்ஸ் வளைந்துபோகும். ஓரம் விண்டும் போகலாம். பிறகு ஸ்டெரைல் சலைனால் அலசி, புதுக் கரைசல் நிரப்பிய கேஸில் இரவு முழுவதும் ஊற வைக்க வேண்டும். நேற்றைய கரைசலின் மேலேயே கொஞ்சம் ஊற்றிச் சமாளிப்பது சிக்கனம் அல்ல; கிருமிநாசினியின் வீரியம் அதில் குறைந்திருக்கும்.

லென்ஸ் தரையில் விழுந்து ஒட்டிக்கொண்டால் நகத்தால் கிளறக் கூடாது. இரண்டு சொட்டு கரைசல் விட்டு, ஓரமாக நகர்த்தி எடுத்து, மறுபடி சுத்தம் செய்த பிறகே போட வேண்டும். மழையில் கரண்ட் அடிக்கடி போகும் நாள்களில், வெள்ளைத் துண்டு விரித்து அதன் மேல் இந்த வேலையைச் செய்வது நல்லது.

கேஸ்தான் பலரும் மறக்கும் இடம். காலையில் கரைசலைக் கொட்டி, புதுக் கரைசலால் அலசி, சுத்தமான டிஷ்யூவால் துடைத்து, மூடியைக் கழற்றிக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஈரக்காற்றில் எளிதில் காயாது என்பதால் குளியலறையில் வைக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கேஸை மாற்ற வேண்டும். மழை தொடங்கும்போதே மாற்றிவிட்டால் கணக்கு நினைவிருக்கும்.

தீபாவளி எண்ணெய்க் குளியலன்று தலைக்கு எண்ணெய் வைக்குமுன் லென்ஸைக் கழற்றிவிட வேண்டும். சீயக்காய் தேய்த்தும் விரலிடுக்கில் எண்ணெய் மிஞ்சும். அது லென்ஸில் பட்டால் பார்வை மங்கும். எனவே கையைச் சோப்பால் இரண்டாம் முறை கழுவிய பிறகே போட வேண்டும். மை தீட்டுவோர் லென்ஸைப் போட்ட பிறகு தீட்டலாம். பட்டாசு வெடிக்கும் நேரத்தில் லென்ஸுக்குப் பதில் கண்ணாடி அணிவதே நல்லது. கெரட்டோகோனஸ் என்ற கருவிழிக் கோளாறு உள்ள பலருக்குக் கண்ணாடியில் பார்வை தெளியாது. அவர்கள் லென்ஸுக்கு மேல் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, புகையிலிருந்து விலகி நிற்க வேண்டும்.

மெட்ராஸ் ஐ வந்தால் லென்ஸை உடனே நிறுத்திவிட வேண்டும். மெட்ராஸ் ஐதான் என்று மருத்துவர் உறுதி செய்த பின் கேஸையும் திறந்த கரைசல் பாட்டிலையும் எறிந்துவிடலாம். விலை கூடிய லென்ஸை எப்படிக் கிருமி நீக்குவது, எப்போது மறுபடி போடுவது என்பதை மருத்துவர் சொல்வார். லென்ஸைக் கழற்றிய பிறகும் வலி, சிவப்பு, வெளிச்சம் பார்க்கக் கூசுதல், மங்கல் ஆகியவை நீடித்தால் அதை மெட்ராஸ் ஐ என்று தாமாக முடிவு செய்யாமல் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். லென்ஸையும் கேஸையும் அப்படியே எடுத்துச் சென்றால் கிருமிப் பரிசோதனைக்கு உதவும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து சிவப்பை அடக்கிக் காட்டும். உள்ளே தொற்று வளர்ந்துகொண்டிருக்கும்.