காற்றுதான் பிடிக்கிறது: வீட்டிலேயே செய்யும் வேக்குவம் சக் – நம்பிக்கைகளும் உண்மைகளும்

மரக் கிண்ணம் கடைபவர்களுக்குக் கடைசித் தலைவலி அடிப்பாகம். உள்ளே குடைந்து, வெளியே வழவழப்பாக்கி, மெருகும் போட்டாயிற்று. ஆனால் இத்தனை நேரம் சக் கவ்விக்கொண்டிருந்த குமிழ் அடியில் துருத்திக்கொண்டு நிற்கும். அதைச் சீவிவிட வேண்டுமானால் கிண்ணத்தைத் திருப்பிப் போட்டு, தழும்பு விழாமல் பிடிக்க வேண்டும். அதற்குத்தான் வேக்குவம் சக்: பிவிசி குழாயில் செய்த ஒரு குவளை, அதன் வாயில் ரப்பர் வளையம், பின்னால் காற்றை உறிஞ்சும் பம்ப்.

ஆயத்தமாக வாங்கினால் கைக்கு எட்டாத விலை. அதனால் பலர் சொந்தமாகச் செய்யப் பார்க்கிறார்கள். அலோர்ஸ்டார் மெர்கோங் தொழிற்பேட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு பேரிங், குழாய், பழைய பம்ப் எல்லாம் தேடிப் பிடிக்கக்கூடியவையே. பொருள் கிடைத்துவிடும், பட்டறைகளில் கூடவே வரும் சில நம்பிக்கைகள்தான் வேலையைக் கெடுக்கின்றன. கடையும் மரத்திலிருந்தே தொடங்கலாம்.

நம்பிக்கை: பால்மரம் (ரப்பர் மரம்) விறகுக்குத்தான் லாயக்கு.

உண்மை: ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. கூலிம், பீடோங், சுங்கை பட்டாணி தோட்டங்களில் 25, 30 ஆண்டு வளர்ந்து, பால் கொடுத்து ஓய்ந்த மரங்களை மறுநடவுக்காகச் சாய்த்தால், அவை தீக்கோ புகைவீட்டு அடுப்புக்கோ போகும். இன்று மலேசியாவின் மர நாற்காலி, மேசை ஏற்றுமதியில் பெரும்பகுதி இதே மரம். ஒரு கனமீட்டர் காய்ந்த மரம் ஏறக்குறைய 560 முதல் 640 கிலோ எடை இருக்கும். வெளிர்நிறம், கடைசலுக்கு இணக்கமானது.

குறை ஒன்று உண்டு. வெட்டிய சில நாளிலேயே நீலக்கறை ஏறும், வண்டு துளைக்கும். அதனால் அறுப்பாலைகளில் பலகையை இரும்பு உருளைக்குள் அடைத்து, முதலில் காற்றை வெளியேற்றி, பிறகு போரான் கரைசலை அழுத்தி ஏற்றுகிறார்கள். இந்த வழக்கத்தை நினைவில் வையுங்கள். அடுத்து வரும் சில கேள்விகளுக்கு விடை அதில்தான் இருக்கிறது.

நம்பிக்கை: வெற்றிடம் கிண்ணத்தை இழுத்துப் பிடிக்கிறது.

உண்மை: வெற்றிடத்துக்கு இழுக்கும் சக்தி இல்லை. வெளிக்காற்றுதான் தள்ளுகிறது. கடல் மட்டத்தில் காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறக்குறைய 1 கிலோ எடையளவு அழுத்துகிறது. 17ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் மாக்டெபர்க் நகரத் தலைவர் ஓட்டோ வான் கெரிக்கே, இரண்டு அரைக்கோளங்களைச் சேர்த்து உள்ளிருந்த காற்றை எடுத்துவிட்டுக் குதிரைகளைப் பூட்டி இழுக்க வைத்தது இதைக் காட்டத்தான்.

இதிலிருந்து கணக்கு வருகிறது. குழாயில் பொருத்திய கேஜ் (அளவுமானி) 0.7 பார் வெற்றிடம் காட்டினால், 5 செ.மீ. விட்டமுள்ள குவளையில் பிடி சுமார் 14 கிலோ. 10 செ.மீ. என்றால் 56 கிலோ. 15 செ.மீ. என்றால் 126 கிலோ. விட்டம் இரட்டித்தால் பிடி நான்கு மடங்கு. பம்பை மாற்றுவதற்கு முன் குவளையை அகலமாக்க முடியுமா என்று பாருங்கள்; செலவு குறைவு, பலன் அதிகம். கணக்கில் சேர்வது ரப்பர் வளையத்துக்கு உட்பட்ட பரப்பு மட்டும். கிண்ணம் எவ்வளவு பெரிது என்பது பொருட்டில்லை.

நம்பிக்கை: மரம் கெட்டியான பொருள், காற்று எங்கே புகும்?

உண்மை: போரான் கரைசல் புகுந்த வழியில் காற்றும் புகும். பால்மரத்தின் நாளங்கள் பெரியவை; இழைத்த பலகையில் மெல்லிய கோடுகளாக வெறும் கண்ணுக்கே தெரியும். கிண்ணமாகக் கடையும்போது சுற்றுச்சுவரில் இரண்டு இடங்களில் இந்த நாளங்கள் வெட்டுப்பட்டு வாய் திறந்து நிற்கும். சுவர் மெலிய மெலிய கசிவு கூடும். கசிவு இருக்கும்வரை பம்ப் அந்தக் காற்றை ஓயாமல் வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே பம்பிடம் முதலில் கேட்க வேண்டியது, “நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்றை எடுப்பாய்?” என்பது. எவ்வளவு ஆழமான வெற்றிடம் தரும் என்பது பிறகுதான்.

கசிவை அடைக்க வழி உண்டு. கிண்ணத்துக்கு ஒரு பூச்சு ஷெல்லாக் கொடுத்தால் நாளங்களின் வாய் அடைபடும். ஷெல்லாக் நம் அரக்குதான். அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான்களுக்கு, சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்தி நிறமேற்றும் கைத்தொழிலில் புழங்கும் அதே பொருள்.

நம்பிக்கை: எந்தப் பம்பானாலும் சரி, வீட்டு வேக்குவம் கிளீனரோ பழைய ஐஸ்பெட்டி கம்ப்ரசரோ போதும்.

உண்மை: இரண்டும் எதிரெதிர்க் கோடிகள். வேக்குவம் கிளீனர் நிறையக் காற்றை எடுக்கும், ஆனால் தருவது 0.2 பார் அளவு வெற்றிடம்தான். 15 செ.மீ. குவளையில் அது 36 கிலோ பிடி. போதாததற்கு, பல கிளீனர்களில் மோட்டாரைக் குளிர்விப்பதே அது உறிஞ்சும் காற்றுதான். வாயை அடைத்து வைத்தால் மோட்டார் கருகிவிடும்.

ஐஸ்பெட்டி கம்ப்ரசர் ஆழமாக இழுக்கும், ஆனால் எடுக்கும் காற்று சொற்பம். பால்மரக் கிண்ணத்தின் கசிவுக்கு ஈடுகொடுக்காது. குளிர்வாயு சுற்றிவந்து குளிர்விக்கும்படி செய்யப்பட்டது என்பதால் வெறுங்காற்றில் நீண்ட நேரம் ஓடினால் சூடேறும், எண்ணெயும் கக்கும். குழாயை வெட்டுவதிலும் ஆபத்து இருக்கிறது. பழைய பெட்டியின் ஆர்12 வாயு ஓசோனைக் கெடுப்பது. 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கை கட்டுப்படுத்திய வகை. புதிய பெட்டிகளில் இருக்கும் ஆர்600ஏ தீப்பற்றும். வாயுவை எடுக்கும் வேலையை ஏர்கோன் தொழிலாளியிடம் விடுங்கள்.

ஏர்கோன் பழுதுபார்ப்பவர்களின் பம்பும் மூடிய குழாயை வெற்றிடமாக்கவே செய்யப்பட்டது. கசியும் மரத்தோடு ஓடினால் பட்டறையெங்கும் எண்ணெய்ப் புகை. இந்த வேலைக்குப் பொருத்தம், எண்ணெய் இல்லாமல் கார்பன் தகடுகளில் சுழலும் பம்ப். அதன் முன்னால் ஒரு கார் பெட்ரோல் ஃபில்டரைச் சொருகிவிட்டால் மரத்தூள் உள்ளே போகாது.

நம்பிக்கை: சுழலும் லேத்தோடு சுழலாத குழாயை இணைக்க விலையுயர்ந்த இணைப்பு வேண்டும்.

உண்மை: ஒரு பேரிங் போதும், சரியானதாக இருந்தால். லேத்தின் ஸ்பிண்டிலில் முழுநீளத் துளை இருக்க வேண்டும். அதுதான் முதல் நிபந்தனை. அந்தத் துளை வழியே உள்ளே துளையுள்ள திருகுமறைத் தண்டு ஒன்றைச் செருகி, சக்கின் பின்புறத்தோடு இறுக்குங்கள். ஹெட்ஸ்டாக்குக்கு வெளியே நீட்டும் முனையில் 6200-2ஆர்எஸ் பேரிங் ஒன்றை ஏற்றி, அதன் வெளிவளையத்தை ஒரு மரக்கட்டையிலோ நைலான் கட்டையிலோ பதித்து, கட்டையின் மறுபுறம் குழாய் மூக்கைத் திருகுங்கள். தண்டு சுழலும், கட்டை அசையாது நிற்கும்.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். 2ஆர்எஸ் என்றால் இருபுறமும் ரப்பர் மூடி. இசட்இசட் என்றால் தகர மூடி. அதில் இடைவெளி உண்டு, காற்று ஓடிவிடும். ரப்பர் மூடியும் நூற்றுக்கு நூறு காற்றை அடைக்காது. கொஞ்சம் கசியும், பம்ப் அதைச் சமாளிக்கும்.

நம்பிக்கை: கசிவைச் சோப்பு நுரையில் கண்டுபிடிக்கலாம்.

உண்மை: நுரை குமிழிவிடுவது காற்று வெளியேறும் இடத்தில். இங்கே காற்று உள்ளே போகிறது. சோப்புத் தண்ணீரைத்தான் பம்ப் குடிக்கும். சரியான சோதனை இரண்டு படி. முதலில், குவளை வாயில் சமமான பெர்ஸ்பெக்ஸ் பலகை ஒன்றை வைத்துப் பம்பை ஓட்டுங்கள். கேஜ் 0.8, 0.85 என்று காட்டினால் உங்கள் இணைப்புகள் நலம். அங்கேயே குறைந்தால் குற்றம் மரத்தின்மேல் இல்லை. பேரிங், பசை ஒட்டிய இடம், குவளை அடியில் வைத்த பூச்சில்லாத எம்டிஎஃப் பலகை இவற்றில் ஒன்று. பிறகு கிண்ணத்தை வைத்துப் பாருங்கள். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம் மரத்தின் கசிவு. கிண்ணத்தின் வெளிப்புறத்தில் உணவு சுற்றும் பிளாஸ்டிக் தாளை ஒரு பக்கமாக ஒட்டி நகர்த்துங்கள். எங்கே ஒட்டும்போது கேஜ் முள் ஏறுகிறதோ அங்கேதான் ஓட்டை.

வாய் வளையத்துக்குப் பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்ச் ஆகாது. அதன் துளைகள் ஒன்றோடொன்று திறந்தவை. துளைகள் தனித்தனியே மூடிய நியோப்ரீன் அல்லது இவிஏ தாள் வேண்டும். 3 மி.மீ. போதும். தடித்தால் கிண்ணம் தள்ளாடும்.

நம்பிக்கை: முள் எவ்வளவு ஏறினாலும் நல்லதுதான்.

உண்மை: 30 செ.மீ. வளையத்தில் விளிம்பு பட வைத்த கிண்ணத்தின்மேல் 0.7 பார் என்றால் அரை டன் பாரம். சுவர் மெல்லியதாக இருந்தால் கிண்ணம் உள்நோக்கி நொறுங்கும். அதனால் பம்புக்கும் சக்குக்கும் நடுவே ஒரு சிறு வால்வு வைத்து, வெளிக்காற்றைக் கொஞ்சம் உள்ளே விட்டு முள்ளை இறக்குங்கள். அதே வளையத்தில் 0.3 பார்கூட 200 கிலோவுக்கு மேல் பிடி தரும்.

நம்பிக்கை: வேக்குவம் பிடித்தபின் டெயில்ஸ்டாக் எதற்கு?

உண்மை: மேலே சொன்ன கிலோ கணக்கெல்லாம் நேராக வெளியே இழுப்பதற்கு. உளி தள்ளுவதோ பக்கவாட்டில். அதைத் தடுப்பது விளிம்புக்கும் ரப்பருக்கும் உள்ள உராய்வு மட்டும். ஆகவே டெயில்ஸ்டாக்கை முட்டுக்கொடுத்தபடியே பெரும்பகுதியைச் சீவிவிட்டு, நடுவில் எஞ்சும் சிறு மொட்டுக்கு மட்டும் அதை விலக்குங்கள். வேகம் குறைவாக, சீவல் மெலிதாக, முகக்கவசத்தோடு. மின்சாரம் போனால் பம்ப் உடனே நிற்கும், லேத் சுழன்றுகொண்டுதான் இருக்கும். பம்புக்குப் பின்வழி அடைக்கும் வால்வும் ஒரு சிறு தொட்டியும் இருந்தால் லேத் நிற்கும்வரை பிடி நீடிக்கும்.

கையில் இருக்கும் பணம் குறைவென்றால் வரிசை இதுதான்: முதலில் நல்ல கேஜ், அடுத்து வளையமும் பேரிங்கும், அதற்குப் பின் காற்று அதிகம் எடுக்கும் பம்ப். பம்பிலிருந்து தொடங்குபவர்கள் பெரும்பாலும் இரண்டாவது பம்பும் வாங்குகிறார்கள்.