காலை ஆட வைக்கும் காலதாமதம்

மாணவர்களே! சுவர்க்கடிகாரத்தின் 'டிக் டிக்' ஓசையைக் கேட்டு யாராவது நடனமாடிப் பார்த்திருக்கிறீர்களா? அந்த ஓசையில் ஒழுங்கு இருக்கிறது, பிசகே இல்லை. ஆனாலும் நம் கால் அசைவதில்லை. அதே சமயம், எங்கோ தொலைவில் ஒரு நடன இசை ஒலித்தால் நம்மை அறியாமலே கால் தாளம் போடத் தொடங்கிவிடுகிறது. இரண்டிற்கும் என்ன வேறுபாடு?

இக்கேள்வியை என்னிடம் எழுப்பியவர்கள் என் வகுப்பு மாணவர்களே. கல்லூரி விழாவுக்காக அவர்கள் கணிப்பொறியில் ஒரு நடன இசையை அமைத்திருந்தனர். ஒவ்வொரு தட்டும் மில்லி விநாடி கூடத் தவறாமல் விழுந்தது. கேட்டவர்கள் "நன்றாக இருக்கிறது" என்றார்கள். ஒருவர் காலும் அசையவில்லை. "சார், கணக்கு சரிதான். தவறு எங்கே?" என்று கேட்டனர். விழாவுக்கு மூன்றே நாட்கள் இருந்தன. "இயந்திரம்போல் இருக்கிறது. தட்டுகளைக் கொஞ்சம் முன்னும் பின்னும் பிசகச் செய்யுங்கள்" என்று நான் சொன்னேன். என் யோசனை தவறு என்பது மறுநாளே தெரிந்துவிட்டது. ஏன் என்பதைப் பார்ப்போம்.

முதலில் கணக்கு

நடன இசை பலவற்றில் நிமிடத்துக்கு 120 தட்டுகள் அளவில் வேகம் இருக்கும். அதாவது ஒரு தட்டுக்கு அரை விநாடி. இந்த வேகம் தற்செயலானதன்று. நாம் இயல்பாக நடக்கும்போது விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு அடிகள் வைக்கிறோம். ஊஞ்சலை அதன் இயல்பான காலத்துக்கு ஏற்பத் தள்ளினால் சிறிய விசையே போதும் அல்லவா? அதுபோலவே, உடலின் இயல்பான அசைவுக்கு அருகே உள்ள தாளம் உடலை எளிதில் அசைக்கிறது.

இனி ஒவ்வொரு தட்டையும் நான்காகப் பிரியுங்கள். 'த-க-தி-மி' என்று சொல்லிக்கொள்ளலாம். ஓர் எழுத்துக்கு 125 மில்லி விநாடி. நான்கு தட்டுகளுக்குப் பதினாறு கட்டங்கள். 1, 5, 9, 13 ஆகிய கட்டங்களில், அதாவது ஒவ்வொரு 'த'விலும், பெரிய டிரம் ஒலிக்கட்டும். என் மாணவர்கள் செய்தது ஏறக்குறைய இவ்வளவுதான்.

எதிர்பார்ப்பு

நம் மூளை தாளத்தைக் கேட்பதோடு நிற்பதில்லை. அடுத்த தட்டு எப்போது வரும் என்று முன்கூட்டியே கணிக்கிறது. 2009-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், உறங்கும் பச்சிளங் குழந்தைகளுக்குத் தாளத்தை ஒலிக்கச் செய்து, அவர்களுடைய மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தனர். முக்கியமான முதல் தட்டை விட்டுவிட்டபோது மின்னலைகளில் மாற்றம் தெரிந்தது. குழந்தையின் மூளையும் அத்தட்டை எதிர்பார்த்திருந்தது!

எதிர்பார்த்தது எதிர்பார்த்தபடியே வந்துகொண்டிருந்தால் மூளைக்கு வேலை இல்லை. கடிகாரத்தின் கதை அதுதான். எனவே சில ஒலிகளைத் தட்டின்மேல் வைக்காமல் தட்டுகளுக்கு இடையே வைக்கிறார்கள். இதற்குச் 'சின்கோபேஷன்' என்று பெயர். எட்டுக் கட்டங்களை 3, 3, 2 என்று பிரித்து, 1, 4, 7 ஆகிய கட்டங்களில் கை தட்டிப் பாருங்கள். முதல் ஒலி தட்டோடு சேர்கிறது. அடுத்த இரண்டும் நழுவுகின்றன. 9-ஆம் கட்டத்தில் மீண்டும் சேர்ந்துகொள்கிறது. ஒலி இல்லாத 5-ஆம் கட்டத்தை நிரப்ப உங்கள் கால் தானே முன்வருகிறது அல்லவா?

ஆனால் அளவு முக்கியம். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், சின்கோபேஷன் குறைந்தும், நடுத்தரமாகவும், மிகுந்தும் உள்ள டிரம் தாளங்களைப் பலரும் கேட்டு மதிப்பெண் இட்டனர். ஆட வேண்டும் என்ற விருப்பத்தை அதிகம் தூண்டியவை நடுத்தரமானவையே. மிகக் குறைந்தால் சலிப்பு. மிக அதிகமானால் தட்டு எங்கே என்பதே தெரியாத குழப்பம். ஆகவே பெரிய டிரம் நிலையாக நிற்க வேண்டும்; மற்ற ஒலிகள் அதைச் சுற்றி விளையாட வேண்டும்.

திட்டமிட்ட தாமதம்

1980-இல் அமெரிக்கரான ரோஜர் லின் 'எல்.எம்-1' என்ற தாளப்பொறியை வெளியிட்டார். உண்மையான டிரம்களின் ஒலிகளை எண்முறையில் பதிந்து வைத்திருந்த முதல் தாளப்பொறி அது. விரலால் தட்டிய தாளத்தை மிக அருகிலுள்ள கட்டத்துக்கு அது நகர்த்திச் சரி செய்துவிடும். அதே பொறியில் லின் மற்றொரு வசதியையும் வைத்தார். அது 'ஸ்விங்'. இரண்டிரண்டு கட்டங்களை ஒரு சோடியாகக் கொண்டு, சோடியின் இரண்டாவது ஒலியை மட்டும் சற்றுத் தாமதப்படுத்துவதே இதன் வேலை. நம் சொற்களில், 'க'வும் 'மி'யும் பிந்தி வரும். 'த'வும் 'தி'யும் அசையா.

ஒரு சோடியின் காலம் 250 மில்லி விநாடி. இதில் முதல் ஒலிக்கு 50 விழுக்காடு கொடுத்தால் இரண்டாவது ஒலி 125-இல் விழும்; ஸ்விங் இல்லை. 54 விழுக்காடு எனில் 135-இல் விழும்; தாமதம் 10 மில்லி விநாடி. 58 எனில் 145. மூன்றில் இரண்டு பங்கு கொடுத்தால் ஏறத்தாழ 167. சோடியை மூன்றாகப் பிரித்து, முதல் ஒலிக்கு இரண்டு பங்கு தந்ததாக அமையும். 10 மில்லி விநாடியில் ஒலி காற்றில் 3.4 மீட்டர்தான் செல்லும். அவ்வளவு சிறிய தாமதமே தாளத்தின் நடையை மாற்றிவிடுகிறது!

பிழைகள் இரு வகை

இனி என் தவறுக்கு வருவோம். ஆய்வுக்கூடத்தில் பிழைகள் இரு வகை என்று படித்திருப்பீர்கள். ஒன்று, முன்னும் பின்னும் ஒழுங்கின்றி விழும் தற்செயற் பிழை. மற்றொன்று, ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாக, ஒரே அளவாக விழும் முறைப்பிழை. நான் சொன்ன யோசனை முதல் வகை. அதைச் செய்ததும் பெரிய டிரம் கூட ஆட்டங்கண்டது. இசை புதிதாகத் தாளம் கற்பவர் வாசித்ததுபோல் ஆகிவிட்டது. மூளை கணிப்பதற்குப் பிடிமானம் இல்லாமற் போனதே காரணம். ஸ்விங் இரண்டாம் வகை. அது ஒரே இடத்தில் ஒரே அளவாகத் திரும்பத் திரும்ப வருவதால், மூளை அதையும் கற்றுக்கொண்டு எதிர்பார்க்கிறது.

டெட்ராய்ட் நகரத்து இசையமைப்பாளர் ஜே டில்லா (1974–2006) தாளப்பொறியின் திருத்தும் வசதியைப் பலமுறை ஒதுக்கிவிட்டு, விரலாலேயே தட்டிப் பதிந்தார். கட்டத்திலிருந்து விலகிய அந்தத் தட்டுகள் சுழற்சிதோறும் அதே இடத்தில் திரும்பி வந்தன, விலகலே தாளமாயிற்று. அவர் பயன்படுத்திய 'எம்.பி.சி. 3000' இன்று வாஷிங்டனில், ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு, பண்பாட்டுக்கான ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எனினும் தாமதமே மந்திரம் என்று எண்ணிவிடாதீர்கள். ஜாஸ், ஃபங்க், சாம்பா தாளங்களின் நுண்விலகல்களை மிகைப்படுத்திச் சோதித்த ஓர் ஆய்வில் (2013), விலகல் கூடக் கூட ஆடும் விருப்பம் குறையவே செய்தது. முதலில் ஒலிகளுக்குச் சரியான இடம். அதன் பிறகே சிறு தாமதம்.

அடித்தொனி

2022-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் ஒரு மின்னணு இசைக் கச்சேரியில் புதுமையான சோதனை செய்தனர். 8 முதல் 37 ஹெர்ட்ஸ் வரையுள்ள மிகத் தாழ்ந்த ஒலியைத் தரும் ஒலிபெருக்கிகளைச் சில நிமிடங்களுக்கு ஒரு முறை இயக்கியும் நிறுத்தியும் வந்தனர். அவை இயங்கிய நேரங்களில் மக்களின் அசைவு ஏறத்தாழ 12 விழுக்காடு கூடியது. ஆனால் அந்த ஒலி இருப்பதை அவர்களால் கண்டறிய முடியவில்லை! ஆகவே காதைத் துளைக்கும் சத்தத்தால்தான் ஆட வைக்க முடியும் என்பதில்லை.

செய்து பாருங்கள்

நண்பர் ஒருவர் அரை விநாடிக்கு ஒரு முறை மேசையைத் தட்டட்டும். நீங்கள் 'தகதிமி' என்று சொல்லிக்கொண்டே ஒவ்வோர் எழுத்துக்கும் விரலால் மெல்லத் தட்டுங்கள். எல்லாம் சமமாக வரட்டும். பிறகு 'த'வையும் 'தி'யையும் சற்று நீட்டி, 'க'வையும் 'மி'யையும் பிந்தச் செய்யுங்கள். அடுத்து, அவ்விரண்டையும் மட்டும் மென்மையாகத் தட்டுங்கள். மூன்றையும் மூன்றாமவர் ஒருவருக்கு வாசித்துக் காட்டி, அவர் முகத்தைப் பார்க்காமல் காலைக் கவனியுங்கள்.

என் மாணவர்களும் இதைத்தான் செய்தனர். பெரிய டிரம்மைக் கட்டத்தில் நிறுத்தினர். 3-3-2 வரிசையில் ஓர் ஒலியைச் சேர்த்தனர். 56 விழுக்காடு ஸ்விங் வைத்தனர். ஒத்திகையில் முதலில் தாளம் போட்டது மைக் செட்காரரின் கால். அவருக்கு எங்கள் கணக்கு எதுவும் தெரியாது. அடுத்த வாரம் ஊசல் பரிசோதனையில் "பிழையைக் குறையுங்கள்" என்று நான் வழக்கம்போல் சொன்னபோது, பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்: "எந்தப் பிழையை, சார்?"

சரியான கேள்வி. நீங்களும் கேட்டுப் பழகுங்கள்.